புளியங்கொட்டையும் மூணு சீலும்: கோயில், சர்ச், பள்ளிவாசல் சேர்ந்து ஏதாவது உருப்படியாக நடக்குமா?

கேள்வி (பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்), 9 ஜூலை 2024

"லண்டனிலும் அமெரிக்காவிலும் சர்ச்சும் மசூதியும் கோயிலும் ஒரே மேடையில் நின்று கூலி உயர்வு கேட்கிறார்களாம், ஜெயிக்கவும் செய்கிறார்களாம். நம்ம ஆட்கள் சேர்ந்தால் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், புறா விடுகிறார்கள், போட்டோ எடுத்துவிட்டுக் கலைகிறார்கள். மும்பைத் தமிழர்கள் யாராவது சொல்லுங்கள். அங்கே மூணு மதக்காரர்களும் சேர்ந்து என்றைக்காவது ஒரு தண்ணிக் குழாயாவது வாங்கியிருக்கிறீர்களா?"

10 ஜூலை, காலை

குழாய் இல்லை. சண்டாஸ் வாங்கினோம்.

இடம் தாராவி, எங்க சந்து. வருஷம் 2017, மழைக்காலம். முந்தாநாள் விடிகாலையில் ஆறு மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதில் வாசல் தண்ணியை அள்ளி அள்ளிக் கை வீங்கிக் கிடக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

சந்து முனையில் ரெண்டு மாடிப் பொதுக் கழிப்பறை. கீழே ஆம்பளைகளுக்கு, மேலே பொம்பளைகளுக்கு. மேலே பத்து கதவு, ஓடியது ஆறு. மூணுக்குக் கதவே கிடையாது, ஒன்றில் காண்ட்ராக்டர் ஆள் பக்கெட்டும் பினாயிலும் போட்டுப் பூட்டி வைத்திருந்தான். விளக்கு இல்லை. மாத பாஸுக்குக் காசு மட்டும் ஒழுங்காக வாங்குவான். அந்த வருஷம் ஆடியில் டாங்க் நிறைந்து வழிந்தது. வழிந்த தண்ணி நேராகப் பள்ளிவாசலில் ஒளு செய்யும் (தொழுகைக்கு முன் கைகால் கழுவும்) இடத்து ஓரமாக ஓடி, சி.எஸ்.ஐ. சர்ச் கேட்டைத் தொட்டு, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திண்ணைக்குக் கீழே போய்த் தேங்கியது. மூணும் நூறு அடிக்குள் இருப்பவை. சாக்கடை மட்டும் மதம் பார்க்காமல் மூணு வாசலுக்கும் போய் வந்தது.

கோயில் கமிட்டி ஒரு மனு கொடுத்தது. ஜமாத் ஒரு மனு. சர்ச் ஒரு மனு. மூணும் முனிசிபாலிட்டி ஆபீஸில் ஒரே மேசைக்குப் போய் மூணு ஃபைல் ஆனது. அங்கே இருந்த கிளார்க் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூணு அர்ஜின்னா மூணு இன்ஸ்பெக்‌ஷன். ஒண்ணா வாங்களேன்." அதற்குப் பிறகுதான் மூணு பேரும் சர்ச் ஹாலில் உட்கார்ந்தார்கள். ஒரே பக்கத்தில் எழுதியாச்சு. அடுத்த சண்டை, யார் சீல் மேலே வருவது! ரெண்டு ராத்திரி இதற்கே போனது. கடைசியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பேப்பரைத் திருப்பி வைத்து, மூணு சீலையும் மூணு ஓரத்தில் குத்தச் சொன்னார். நடுவில் 412 கையெழுத்து. பேப்பரை எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒருத்தர் மேலே.

இருபத்து மூணு நாளில் டாங்க் காலி, நாலு கதவு, ரெண்டு ட்யூப்லைட்.

ஒருத்தரும் அன்பு, சகோதரத்துவம் என்று பேசவில்லை. பேசியிருந்தால் கூட்டம் அன்றைக்கே கலைந்திருக்கும். மெழுகுவத்திக்காரர்களிடம் எனக்குள்ள புகார் இதுதான். நல்லவர்கள், ஆனால் கையில் ஒரு கோரிக்கை இல்லாமல் வருகிறார்கள்.

10 ஜூலை, இரவு

திருத்தம். நாலு கதவு இல்லை, மூணுதான். நாலாவது இன்னும் பக்கெட் ரூம்.

சண்டாஸ் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கக்கூஸ்தான். மும்பைக்கு வருகிற தமிழன் முதலில் கற்றுக்கொள்கிற மராத்தி.

13 ஜூலை

லண்டன் கதையைக் கேட்டதால் நானும் கொஞ்சம் படித்திருப்பதைச் சொல்கிறேன். கிழக்கு லண்டனில் 1996-இல் சர்ச்சுகள், மசூதி, பள்ளிக்கூடங்கள், தொழிற்சங்கங்கள் எல்லாம் உறுப்பினராகச் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கியது. 2001-இல் 'வாழ்வதற்குப் போதுமான கூலி' என்ற பிரச்சாரம். ராத்திரியில் பேங்க் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்காக. 2003-இல் அப்துல் துரான்ட் என்ற துப்புரவுத் தொழிலாளி, தான் பெருக்குகிற அதே பெரிய வங்கியின் பங்குதாரர் கூட்டத்துக்குப் போய், தலைவர் முகத்துக்கு நேராக எழுந்து நின்று பேசினார். அதற்கும் முன்னால் அமெரிக்காவின் பால்டிமோரில் இதே கதை. இலவசச் சாப்பாட்டு வரிசையில் நிற்பவர்கள் நாள் முழுக்க வேலை பார்ப்பவர்கள் என்று சர்ச்காரர்கள் கவனித்தார்கள். சோறு போடுவதோடு நிற்காமல் கூலியைக் கேட்டார்கள். 1994-இல் நகரச் சட்டமே வந்தது.

எனக்குப் பிடித்தது டெக்சாஸின் சான் அன்டோனியோ. காரணம் சுயநலம், அதுவும் சாக்கடைக் கதை. மேற்குப் பகுதியில் மெக்சிகோ வம்சாவளிக் கூலிக்காரர்கள். மழை பெய்தால் வீட்டுக்குள் வெள்ளம். வடிகால் திட்டமெல்லாம் பல பத்தாண்டுகளாக நகராட்சி அலமாரியில் தூங்குகிறது, பணம் ஒதுக்கவில்லை. 1974-இல் எர்னெஸ்டோ கோர்ட்டேஸ் என்பவர் அங்கத்திய கத்தோலிக்கப் பங்குகளை ஒன்று சேர்த்தார். அவர் தேடிப் போனது பிரசங்கம் பண்ணுகிறவர்களை இல்லை. திருவிழாவுக்குச் சமைக்கிறவர்கள், டிக்கெட் விற்கிறவர்கள், பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் கூட்டி வருகிறவர்கள், இவர்களை. கடைசியில் வடிகாலுக்கு 4.6 கோடி டாலர் கடன்பத்திரம் நிறைவேறியது.

இன்னொரு கூத்து. 1975-இல் நகரத்தின் பெரிய பேங்குக்குப் போய் வரிசையில் நின்று, டாலரைக் கொடுத்துச் சில்லறை வாங்குவது, அடுத்த கவுண்டரில் அதே சில்லறையைக் கொடுத்து டாலர் வாங்குவது. நாள் முழுக்க. பெரிய துணிக்கடையில் போய் விலை உயர்ந்த கோட்டாகப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு எதையும் வாங்காமல் வருவது. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை.

நம்ம ஊர் ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு இது தினசரி நடக்கிறது, ஆனால் யாரும் வடிகால் கேட்பதில்லை.

14 ஜூலை

இன்னொன்று. இந்த மாதிரி அமைப்புகளுக்கெல்லாம் தாத்தா என்று சொல்லத்தக்கது சிகாகோவில், 1939 ஜூலை 14-ஆம் தேதி கூடிய கூட்டம். சரியாக 85 வருஷம். கசாப்புத் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த குடியிருப்பு. அங்கே பிரச்சினை மதம்கூட இல்லை. ஏறக்குறைய எல்லாரும் கத்தோலிக்கர்கள், ஆனால் போலந்துக்காரன் சர்ச்சுக்கு லிதுவேனியாக்காரன் போக மாட்டான், ஐரிஷ்காரன் ரெண்டு பேர் முகத்திலும் முழிக்க மாட்டான். சால் அலின்ஸ்கியும் ஜோசப் மீகனும் அவர்களை ஒரு ஹாலில் உட்கார வைத்தார்கள்.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்குத் தோல் ஷாப் வேலைக்கு வந்தவர். பாந்த்ராவில் வெட்டுகிற மாட்டின் தோல் இங்கே வரும், 1971-இல் கசாப்புக் கூடம் தேவ்னாருக்குப் போகிற வரைக்கும். கசாப்புக்குப் பின்பக்கம் குடியிருப்பது என்றால் என்ன வாசம் என்று எனக்குச் சிகாகோக்காரன் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தோல் வேலைக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள்தான் 1887-இல் இங்கே படீ மசூதியைக் கட்டினார்கள். ஆக, தோல் ஊறுகிற தொட்டியில் கால் நனைத்தவர்கள் ரெண்டு சாமிக்காரர்களும்.

17 ஜூலை

இந்த வருஷம் ஆடி ஒண்ணும் மொகரமும் ஒரே நாள். லீவு. அம்மாவுக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். ஒளு, சீல், கணக்கு வாத்தியார் எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"சீலுக்கு அவனுங்க சண்ட போட்டது சரிதான். அந்த 412 கையெழுத்து எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டியாலே?"

கேட்டதில்லை. ஏழு வருஷமாகக் கேட்டதில்லை.

கதை வேற மாதிரி. கமிட்டிகள் தனித்தனியாக மனு கொடுத்துக்கொண்டிருந்தபோதே, காலை நாலரை மணிக் கியூவில் மூணு பேர் பேசி வைத்துக்கொண்டார்களாம். அம்மா, டெய்லர் பாய் வீட்டு அக்கா, சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி எடுக்கிற சித்தி. படி ஏறும் இடத்தில் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு டப்பா புளியங்கொட்டையும். உள்ளே போய் வருகிற ஒவ்வொருத்தியும் ஒரு கொட்டையைப் பாட்டிலில் போட வேண்டும். அஞ்சு மணியிலிருந்து ஒன்பது வரைக்கும். சின்னப் பிள்ளைகள் கணக்கில் இல்லை, அதுகள் நாலா (சாக்கடை) ஓரத்தில் உட்கார்ந்துவிடும். மூணு நாள் எண்ணினார்கள். கூடின அன்றைக்கு 286 கொட்டை. கதவு ஆறு. ஒரு கதவுக்கு 47, 48 பேர், நாலு மணி நேரத்துக்குள்.

தூய்மை இந்தியா திட்டம் போட்டிருக்கும் கணக்கு, குடியிருப்புகளுக்கான சமுதாயக் கழிப்பறைக்கு 25 பெண்களுக்கு ஒரு இருக்கை, 35 ஆண்களுக்கு ஒன்று. இதை அம்மாவிடம் சொன்னேன். "கெவருமெண்ட்டே சொல்லுதா? அப்ப நாங்க கம்மியாத்தான் கேட்டிருக்கோம்" என்றாள்.

கையெழுத்தும் அதே கியூவில்தான் வாங்கியிருக்கிறார்கள். பாதி கைநாட்டு. கோயில் கணக்குப்பிள்ளை மாமா வீட்டிலிருந்து இங்க் பேட். டெய்லர் பாய் வீட்டு அக்கா ஜமாத் கூட்டத்துக்குப் போனதில்லை, போகவும் முடியாது. அம்மா கோயில் கமிட்டியில் இல்லை. சித்தி மட்டும் சர்ச் கமிட்டிக்கு டீ போடுவாள். மூணு கமிட்டியும் சேருவதற்கு முன்னாலேயே மூணு மதமும் அந்தப் படிக்கட்டில் சேர்ந்துவிட்டது.

ஆக, முதல் பதிவில் "ஒன்றாக உட்கார்ந்தார்கள்" என்று நான் சொன்னது ஆம்பளைக் கதை. அடித்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். கிடக்கட்டும், இதையும் படிப்பவர்கள் படிக்கட்டும்.

18 ஜூலை

"மீட்டிங்கில் என்னதான் பேசினீங்க" என்று கேட்டவருக்கு. முதல் அரை மணி நேரம் இதுதான்:

"ஐயரு வந்துட்டாரா?"
"வந்துட்டாரு."
"எந்த ஐயரு?"

நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மத்தவர்களுக்கு: சி.எஸ்.ஐ. போதகரும் எங்களுக்கு ஐயர்தான். கோயிலுக்கு விசேஷ நாளில் வரும் குருக்களையும் ஐயர் என்போம். ரெண்டு ஐயரும் வரும்வரை காத்திருந்ததில் பள்ளிவாசல் ஹஜ்ரத் (இமாம்) தொழுகைக்குப் போய்விட்டார்.

22 ஜூலை

மெழுகுவத்திக்காரர்களை நான் கிண்டல் பண்ணியது தப்பு. வாபஸ்.

1992 டிசம்பர் 6-ஆம் தேதி, பாபர் மசூதியை இடித்த அன்றைக்கு, எனக்குப் பத்து வயசு. அன்றைக்குச் சாயங்காலம் இங்கே அதைக் கொண்டாடிச் சைக்கிள் ஊர்வலம் போனது. அதற்குப் பிறகு நடந்ததைக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் எழுதி வைத்திருக்கிறது. டிசம்பரும் ஜனவரியும் சேர்த்து மும்பை முழுக்க 900 பேர் செத்தார்கள். அதில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அப்பா சந்து முனையில் பழைய ட்யூப்லைட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எங்க மாளாவில் (பரணில்) எங்களோடு வேறு நாலு பிள்ளைகள் மூணு ராத்திரி படுத்திருந்தது, அதில் ஒருத்தன் தூக்கத்தில் ஒன்னுக்குப் போய்விட்டதற்கு ஆயா யாரையும் திட்டாதது. இவ்வளவுதான். இதைப் பற்றி வீட்டில் பேச்சு கிடையாது.

அதற்குப் பிறகு வந்ததுதான் மொஹல்லா கமிட்டி, அதாவது பேட்டை அமைதிக் குழு. போலீஸ் கமிஷனராக இருந்த சதீஷ் சஹானி, முன்னாள் போலீஸ் அதிகாரி ஜூலியோ ரிபேரோ, சமூக சேவகி சுஷோபா பார்வே எல்லாம் முன்னால் நின்றார்கள். போலீஸும் ஏரியா பையன்களும் கிரிக்கெட் விளையாடினார்கள். தாராவியில் பாவ் கோர்டேயும் வக்கார் கானும். ஒரு பாய், ஒரு மராத்திக்காரர். நாலு சின்னப் பையன்களுக்கு நாலு மத வேஷம் போட்டு 'நாம் எல்லாரும் ஒன்று' என்று போஸ்டர் அடித்தது வக்கார் கான்தான். காலேஜ் படிக்கும்போது அந்தப் போஸ்டரைப் பார்த்து நாங்கள் சிரிப்போம், மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கிறது என்று.

சரி, இப்போது கேளுங்கள். 2017-இல் கோயில் செயலாளர் ஜமாத் தலைவருக்கு எப்படிப் போன் பண்ணினார்? நம்பர் எங்கிருந்து வந்தது? பழைய அமைதிக் குழு நோட்டிலிருந்து. பண்டிகை சமயத்தில் வதந்தி வந்தால் ஒருத்தருக்கொருத்தர் கூப்பிட்டு "உங்க பக்கம் ஒன்னும் இல்லையே" என்று கேட்பதற்காக எழுதி வைத்த நம்பர்கள். அந்த நோட்டு மெழுகுவத்திக்காரர்கள் விட்டுப்போனது. அது இல்லாமல் என் அம்மாவின் கொட்டைப் பாட்டில் அந்த அலுவலகம் வரைக்கும் போயிருக்காது.

26 ஜூலை

தேதியைப் பார்த்ததும் வேறு எதுவும் எழுத வரவில்லை. 2005, இதே நாள், சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். குர்லாவிலிருந்து இடுப்பளவுத் தண்ணியில் நடந்து வந்து ஒரு மசூதிக்குள் ஏறினேன். கிச்சடி கொடுத்தார்கள். பேர் கேட்கவில்லை, எங்கே போகணும் என்று மட்டும் கேட்டார்கள். கிச்சடியில் உப்பு இல்லை.

29 ஜூலை

"எல்லாம் சரி, டாங்க்கைக் காலி பண்ணியது யார்?" என்று மதுரையிலிருந்து ஒருவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்.

பதில் இருக்கிறது. அப்புறம் எழுதுகிறேன்.

4 ஆகஸ்ட்

நேற்று ஆடிப்பெருக்கு, சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன், எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மனுவில் எழுதியிருந்தது: 'செப்டிக் டாங்க்கை ஒரு வாரத்துக்குள் சுத்தம் செய்து தர வேண்டும்.' மூணு சீல், 412 கையெழுத்து. எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. எங்க சந்துக்குள் சக்‌ஷன் வண்டி வராது. ஆட்டோவே முனையில் நின்றுவிடும். காண்ட்ராக்டர் ஒரு நாள் மத்தியானம் ரெண்டு பேரை அனுப்பினான். கயிறு, பக்கெட், ஆளுக்கு ஒரு குவார்ட்டர். ஒருத்தன் இறங்கினான், இன்னொருத்தன் இழுத்தான். ஒருத்தனுக்கு இருபது வயசு இருக்கும். தமிழ் இல்லை, மராத்தியும் சரியாக வரவில்லை.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை டாங்க்கில் இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. கோயில் கமிட்டியில் ஒரு வக்கீல் இருந்தார். சர்ச்சில் ரெண்டு வாத்தியார்கள். ஜமாத்தில் அரசாங்க வேலையில் இருப்பவர்கள் உண்டு. யாரும் போய் நிறுத்தவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு மாடி ஜன்னலைச் சாத்தினோம். அந்த ரெண்டு பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். அதனால்தான் எங்க கதையை நான் வெற்றிக் கதையாக முதல் பதிவில் எழுத முடிந்தது. போன வருஷம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சாக்கடையில் சாகிறவர் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று உயர்த்தியது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கும் எனக்கு இவர்கள் ஞாபகம் வந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

இது மட்டும் என்றால் ஆறு நாள் தாமதித்திருக்க மாட்டேன்.

வேலை முடிந்து அவர்கள் குழாயடியில் உட்கார்ந்தார்கள். சித்தி உள்ளேயிருந்து டீ கொடுக்கலாம் என்றாள். எங்க வீட்டில் எட்டு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. "இரு, பேப்பர் கப் வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லி ஓடிப்போய் வாங்கி வந்தது நான். யாரும் சொல்லவில்லை. நானாகவே போனேன். அஞ்சு ரூபாய்க்குப் பத்து கப்.

என் தாத்தா ஊரை விட்டு வந்ததற்கு எங்க வீட்டில் சொல்லும் காரணம் பஞ்சம் கிடையாது, டீக்கடை. இவருக்குத் தனி டம்ளர், கொட்டாங்கச்சி மாதிரி வெளியே மாட்டி வைத்திருப்பார்களாம், குடித்துவிட்டு இவரே கழுவி வைக்க வேண்டும்.

கப்பைக் கொடுத்தபோது அந்தச் சின்னவன் வாங்கிக் குடித்துவிட்டு, கப்பை நசுக்கி, அவனே எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டான்.

5 ஆகஸ்ட்

"குற்ற உணர்ச்சி இலக்கியம் வேண்டாம், அன்றைக்குச் சுகாதாரக் காரணத்துக்குப் பேப்பர் கப் வாங்கியிருப்பீர்கள்" என்று ஒருவர் ஆறுதல் சொல்லியிருக்கிறார். இல்லீங்க. சுகாதாரம் என்றால் நானும் அதே கப்பில் குடித்திருப்பேன். நான் டம்ளரில் குடித்தேன்.

6 ஆகஸ்ட்

வேறு பேச்சு. கோலார் தங்கவயல் தண்ணியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. குடிசைவாசிகளைத் திரட்டிய ஜோக்கின் அற்புதம் அங்கே பிறந்தவர். மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராக சஃபாய் கர்மசாரி ஆந்தோலனைக் கட்டிய பெஜவாடா வில்சனும் அங்கே பிறந்தவர். ஜோக்கினுக்கு 2000-இல் மகசேசே விருது, வில்சனுக்கு 2016-இல்.

ஜோக்கின் மான்குர்தில் ஜனதா காலனியில் இருந்தவர், தமிழர். குப்பை அள்ள யாரும் வராதபோது பிள்ளைகளை எல்லாம் கூட்டி, ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைப் பேப்பரில் மடித்துக் கொடுத்து, ஊர்வலமாகக் கொண்டுபோய் முனிசிபாலிட்டி வாசலில் கொட்ட வைத்தார். 1976-இல் அந்தக் காலனியையே இடித்து ஜனங்களை சீத்தா கேம்ப்புக்குத் தூக்கிப் போட்டார்கள். என் அத்தை அங்கேதான் இருக்கிறாள். அங்கே ஒரே வரிசையில் தமிழ் பாய், தமிழ் வேதக்காரர் (கிறிஸ்தவர்), அம்மன் கொண்டாடி என்று இருப்பார்கள். மூணு வீட்டுக்கும் மீன்காரி ஒருத்தி. மதம் பற்றி அத்தையிடம் கேட்டால் மீன் விலை சொல்வாள்.

11 ஆகஸ்ட்

பெங்களூர் நண்பர் திரும்ப வந்து, "அப்போ இதே கூட்டணியை வைத்து தாராவி மறுசீரமைப்புக்கு நியாயம் கேட்கலாமே" என்கிறார், எங்க சந்துகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிற திட்டத்தைத்தான். கேட்டுப் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் உடைந்தது.

சண்டாஸ் எல்லாருக்கும் ஒன்று. வீடு அப்படி இல்லை. 2000 ஜனவரி 1-க்கு முன்னால் வந்ததற்குக் காகிதம் வைத்திருக்கும் கீழ்வீட்டுக்காரருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி என்கிறார்கள். அதற்குப் பின்னால் வந்தவன், மாடியில் வாடகைக்கு இருக்கிறவன், அவனுக்கு வேறு எங்கோ. மார்ச்சிலிருந்து சர்வே எடுக்கிறார்கள், வீட்டு வாசலில் நம்பர் எழுதுகிறார்கள். எங்க சர்ச்சில் முன் பெஞ்சில் உட்காருகிறவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவர் பின் பெஞ்சில் உட்காருகிறார். ஜமாத்திலும் அப்படியே, கோயில் வரிப்பட்டியலிலும் அப்படியே. மதத்துக்கும் மதத்துக்கும் நடுவில் கோடு விழவில்லை. கீழ்வீட்டுக்கும் மாடிக்கும் நடுவில் விழுந்தது. கீழ்வீட்டு இந்துவும் கீழ்வீட்டு முஸ்லிமும் அருமையாக ஒற்றுமையாக இருந்தார்கள்.

இதை ஜூலை 13-ஆம் தேதிப் பதிவோடு சேர்த்து வாசிக்க வேண்டும். சான் அன்டோனியோவில் தண்ணி எல்லார் வீட்டிலும் புகுந்தது. அது ஒரு வசதி.

இன்னொரு சிக்கல், கேட்பதற்கு ஆளே இல்லை. மும்பைக்கு 2022 மார்ச்சிலிருந்து இந்த 2024 ஆகஸ்ட் வரைக்கும் நகர்சேவகர்கள் (கவுன்சிலர்கள்) கிடையாது. பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் வைக்கவில்லை, நிர்வாக அதிகாரி நடத்துகிறார். முன்பெல்லாம் நகர்சேவகர் பூஜைக்கும் வருவார், இஃப்தாருக்கும் வருவார், கிறிஸ்துமஸ் கேக்கும் வெட்டுவார், அந்த மூணு இடத்திலும் அவரைப் பிடித்து நிறுத்தலாம். கேக் வெட்டாத அதிகாரியை எங்கே நிறுத்துவது?

12 ஆகஸ்ட்

மேலே "கேட்டுப் பார்த்தோம்" என்று எழுதியதில் 'தோம்' கொஞ்சம் அதிகம். நான் கீழ்வீட்டுக்காரன். அப்பா பேரில் 1995 ரேஷன் கார்டு இருக்கிறது. அன்றைக்குக் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை.

18 ஆகஸ்ட்

மதுரைக்காரர் கேட்ட கேள்வியை அம்மாவிடம் சொன்னேன். பேப்பர் கப் விஷயத்தையும். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "டாங்க் திரும்ப நெறஞ்சிட்டு வருது, தெரியும்லா?" என்றாள்.

மறுநாள் காலை நாலரைக் கியூவில் பேச்சு தொடங்கியிருக்கிறது. இந்தத் தடவை கமிட்டிக்குப் போன கோரிக்கை ஒரே வரி: ஆளை இறக்கக் கூடாது. பாஸ் காசு கட்டமாட்டோம் என்று சொல்லுவோம் என்று டெய்லர் பாய் வீட்டு அக்கா சொன்னாராம். அவர் வயசு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி, அந்த மாடிப்படி ஏறுவதே அவருக்குப் பெரிய பாடு.

காண்ட்ராக்டர் சொல்லும் பதில் நியாயம்போலவே இருக்கும்: வண்டி உள்ளே வராது, முனையிலிருந்து டாங்க் வரைக்கும் குழாய் வேண்டும், வண்டியில் இருக்கும் குழாய் பத்தாது, கூடுதல் குழாய்க்கு யார் காசு கொடுப்பது.

25 ஆகஸ்ட்

குழாய் வாங்கியாச்சு. தடித்த பச்சைக் குழாய், உள்ளே கம்பி சுற்றியது. கோயிலில் ஆடி வசூலில் மிச்சம், சர்ச்சில் ரெண்டாவது காணிக்கை, ஜமாத்தில் வெள்ளிக்கிழமை உண்டியல். மீதி கியூவில் ஆளுக்குப் பத்து ரூபாய். எதை எங்கே வைப்பது என்பதில் வழக்கம்போல ரெண்டு ராத்திரி. கோயில் மண்டபத்தில் வைத்தால் தீட்டு என்றார் ஒருவர். பள்ளிவாசலில் இடம் இல்லை, உண்மையிலேயே இல்லை. கடைசியில் சர்ச் சைக்கிள் ஷெட். சாவி அம்மாவிடம்.

நேற்று வண்டி வந்தது. சந்து நெடுக குழாயை விரித்தோம். போதகர் ஐயர் ஒரு முனை, கோயில் செயலாளர் நடுவில், ஜமாத் பையன்கள் அந்தப் பக்கம். போட்டோ எடுக்க ஆள் இல்லை, எல்லார் கையும் குழாயில். டாங்க் மூடி வரைக்கும் வந்து நின்றது. உள்ளே இறங்கப் பதினைந்து அடி பத்தவில்லை.

அளந்தது நான்தான்.